புளித்துப்போன கடல்

மீன் நாற்றம் என்றால் றொட்னிக்கு ஆகவே ஆகாது. பேசாலையில் பிறந்து, கரைவலைக்காரரின் மகனாக வளர்ந்து, கருவாட்டுப் பாய்களைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன ஒருவன் இப்படிச் சொல்வதை ஊரில் யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும் என்று ஓட்டோ ஓட்டப் போனான். ஓட்டோவில் ஏறினவர்களும் மீன் பெட்டியோடுதான் ஏறினார்கள். கடைசியில், மன்னார் பட்டினத்தில் கந்தோர் வைத்துத் துப்பறிந்துகொண்டிருந்த வசந்தமலரிடம் கையாளாகச் சேர்ந்தான். துப்பறிகிற தொழிலுக்குள் மீன் வராது என்பது அவனுடைய எண்ணம்.

அந்த எண்ணத்தில் மண் விழுந்த இடம், தாழ்வுபாடு என்ற கடலோர ஊரில் லெம்பேட் என்பவருடைய வீட்டு ஹோல்.

"அக்கா, நான் வெளியிலை நிண்டு துப்பறியிறன். ஏதும் கண்டால் கூப்பிடுங்கோ" என்றான், மூக்கைச் சேட்டுக் கொலருக்குள் புதைத்துக்கொண்டு.

"உள்ளை வா" என்றார் வசந்தமலர். ஐம்பது வயது தாண்டிய, கட்டையான, அவசரப்படாத பெண். "மூக்கு இருக்கிறவனுக்குத்தான் இஞ்சை வேலை."

ஜன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன. ஏசி ஓடியது. சுவரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு துண்டுக் கடல். போன மாதம்வரை அழகாக இருந்திருக்கும். இப்போது பவளப் பூச்சிகள் வெளுத்து, தோல் உரிந்து, சளி சளியாகத் தண்ணீரில் தொங்கின. நத்தைகள் கவிழ்ந்து கிடந்தன. செத்த மீனொன்றின் கண்ணை ஒரு நண்டு ஆறுதலாகத் தோண்டித் தின்றுகொண்டிருந்தது. றொட்னிக்குக் காலையில் சாப்பிட்ட இடியப்பம் தொண்டைவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"வெளியிலை அவ்வளவு பெரிய கடல் சும்மா கிடக்கு. இதை ஏன் ஐயா வீட்டுக்குள்ளை பூட்டி வச்சிருக்கிறீங்கள்?"

லெம்பேட்டுக்குப் பகிடி பிடிக்கவில்லை. சண்டைக் காலம் முழுக்க ஜேர்மனியில் இருந்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் ஊர் திரும்பி, இங்கே விட்டுப்போன மனைவியோடு சேர்ந்தவர். அவர் வரும்போது இந்த வீட்டில் மிஞ்சியிருந்தது நான்கு சுவரும், ஆமி முகாம் இருந்த காலத்தில் பின்வளவில் கட்டிய கொங்கிரீட் பங்கர் என்ற நிலத்தடிப் பதுங்குகுழியும்தான். வீட்டைத் திருத்தி, தெற்கிலே அனுமதியோடு பவளம் வளர்ப்பவர்களிடம் வாங்கி இந்தத் தொட்டியைக் கட்டினார். ஒரு கால் சரியாக மடங்காது. தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தால் எழும்பமாட்டார்.

"தண்ணியின்ரை பீ.எச். விழுகுது" என்றார். "பீ.எச். எண்டால் புளிப்பைக் காட்டுற எண். குறையக் குறையப் புளிப்புக் கூடும். கடல் தண்ணி எட்டே காலுக்குக் கிட்ட நிக்கவேணும். இப்ப ஏழரை. மருந்துத் தூள் போட்டா ஒரு மணித்தியாலம் ஏறும், பிறகு விழும். தவக்காலம் பிறக்கிற விபூதிப் புதனுக்குப் பிறகு தொடங்கினது இந்தக் கண்றாவி. பவளம் இதுக்குள்ளை உயிர்வாழாது."

"காரணம்?"

"காரணம் அங்கை நிக்குது." கையை நீட்டினார்.

குசினி வாசலில் ஒரு பெண் நின்றாள். பரீனா, முப்பது வயதிருக்கும். சிலாவத்துறைக்காரி. தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து விரட்டியபோது தாயின் இடுப்பில் புத்தளத்துக்குப் போய், அகதிக் கொட்டிலில் வளர்ந்து, இப்போதுதான் சொந்த ஊரில் குடியேறியிருந்தாள். இந்த வீட்டில் தங்கிச் சமைத்தாள், கூட்டினாள், தொட்டியின் கண்ணாடி துடைத்தாள். முக்காட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் தலை குனியவில்லை.

"அவளின்ரை பைக்குள்ளை வினாகிரிப் போத்தில் இருந்தது. பாதி இல்லை. என்ரை மச்சான்தான் கண்டுபிடிச்சவர். நான் பொலிசுக்குக் குடுக்கப் போறன். அதுக்கு முதல் ஆதாரத்தை நீங்கள் இறுக்கித் தரவேணும். அதுக்குத்தான் கூப்பிட்டனான்."

மச்சான் என்பவர் சோபாவிலிருந்து எழுந்தார். லெம்பேட்டின் மனைவி றோசம்மாவின் அண்ணன் செபமாலை. வெள்ளைச் சேட்டு, கழுத்திலும் ஒரு செபமாலை, முகத்தில் தவக்காலம். கோயிலில் சிலுவைப்பாதை நடத்துபவர். குடிப்பதில்லை என்று மடு மாதாவிடம் நேர்ந்தவர். ஊரில் குடிக்கிறவர்களைத் திருத்தும் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

"பொலிசு வேண்டாம் மச்சான்" என்றார் கனிவாக. "பாவம், ஏழைப் பிள்ளை. அகதியாப் போய் வந்த சனம். எல்லாரும் இருக்கேக்கை ஒரு மன்னிப்புக் கேட்கட்டும், வீட்டை போகட்டும். தவக்காலத்திலை நாங்களும் மன்னிக்கவேணும்."

நல்ல மனிதர் என்று றொட்னிக்குத் தோன்றியது. இதைப் பின்னால் நினைத்துப் பார்த்துத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல அவனுக்கு வந்தது. அது பிறகு.

பரீனா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "மன்னிப்புக் கேட்கமாட்டன். கேட்டா நான் செஞ்சதாப் போயிரும். பொலிசையே கூப்பிடுங்க ஐயா. வந்து விசாரிக்கட்டும்."

"வினாகிரி?" என்று கேட்டார் வசந்தமலர்.

"பெரியையாதான் தந்தாரு" என்று செபமாலையைக் காட்டினாள். "உம்மாக்கு அச்சாறு போடக் கொண்டு போ எண்டு அவரு கையால தந்தாரு. பாதிப் போத்திலாத்தான் தந்தாரு. அடுத்த நாள் அவரே என்ட பையைக் கொட்டி அதை எடுத்தாரு."

செபமாலை கண்களை மூடிக்கொண்டார். "மாதாவே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தி குடும்."

"நான் செய்யாததைச் செஞ்சன் எண்டு ஊருக்குள்ள போகேலாது அக்கா" என்றாள் பரீனா வசந்தமலரைப் பார்த்து. "இருபத்தெட்டு வருசம் கழிச்சு இப்பதான் திரும்பி வந்திருக்கம். 'வந்ததும் வராததுமா விசம் வச்சாள்' எண்டு சொன்னா, எனக்கு மட்டும் இல்ல, எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் இந்தப் பக்கம் கதவு திறக்கமாட்டாங்க."

வசந்தமலர் தொட்டிக்குக் கிட்டப் போய், குமிழிகள் வந்து வெடிக்கிற இடத்தில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார்.

"வா, நீயும் மண."

"அக்கா, எனக்குச் சம்பளம் மூக்குக்கு இல்லை."

"மணந்து சொல்."

மணந்தான். முதலில் செத்தது, பிறகு அழுகினது, பிறகு கூழ்முட்டை. அதற்கும் அடியில் இன்னொன்று. றொட்னி முகத்தைச் சுளித்தான். அருவருப்புக்கு நடுவில் நாக்கில் எச்சில் ஊறியது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

"அப்பம்" என்றான். "இரவு கரைச்சு வச்ச அப்ப மா. காலமை மூடியைத் திறந்தா வருமே, அந்த மணம்."

"றோசம்மா, இந்த வீட்டிலை அப்பம் சுடுறீங்களோ?"

கதிரைக்குப் பின்னால் நின்ற, மெலிந்து போயிருந்த றோசம்மா தலையாட்டினார். "இல்லைத் தங்கச்சி. இவருக்குச் சீனி வருத்தம். அப்பச்சட்டி பெட்டிக்குள்ளை கிடக்குது."

"ரெண்டு வாளி தாங்கோ. றொட்னி, இதிலை தண்ணியை அள்ளிக்கொண்டு முத்தத்துக்குப் போ. ஒரு வாளியிலையிருந்து மற்ற வாளிக்கு ஊத்து. பிறகு திருப்பி ஊத்து. நான் சொல்லும்வரைக்கும் நிறுத்தாதை."

துப்பறிகிற தொழிலில் என்னென்ன செய்யவேண்டி வரும் என்று றொட்னி கற்பனை செய்திருந்தான். துரத்தல், மறைந்திருத்தல், ஒருவேளை அடிதடி. செத்த மீன் தண்ணீரைக் கடற்காற்றில் ஆற்றித் தேத்தண்ணி போல இழுப்பது அந்தக் கற்பனையில் இல்லை. காற்று அடித்ததில் பாதி அவன் முகத்தில் விழுந்தது. வேலிக்கு வெளியே நின்ற ஒரு கழுதை அவனைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

கை கழன்று விழும் நேரத்தில் வசந்தமலர் லெம்பேட்டைக் கூப்பிட்டார். அவர் நொண்டிக்கொண்டு வந்து, சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டார். நிறம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"எட்டுக்கு மேலை! என்ன மருந்து போட்டனீங்கள்?"

"ஒண்டும் இல்லை. காத்து மட்டும். அதோடை றொட்னியின்ரை வியர்வை கொஞ்சம்."

"அப்ப வினாகிரி?"

"வினாகிரியை விடுங்கோ ஐயா. நான் ஒண்டு கேட்கிறன். எங்கடை றொட்னி கையாலை ஊத்திக் குடுத்த காத்து இந்தத் தண்ணியை மீட்டுது. உங்கடை தொட்டிக்கு ராப்பகலா மோட்டர் காத்து அடிக்குது. அது ஏன் மீட்கேல்லை?"

லெம்பேட் தொட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "மீட்கேல்லை எண்டு ரெண்டாவது மோட்டரும் பூட்டினனான். பூட்டினபிறகு இன்னும் கீழை போச்சுது."

"பரீனா இஞ்சை இல்லாத நாள் ஏதும் இருந்ததோ?"

"தாய்க்குச் சுகமில்லை எண்டு ஒரு கிழமை, முழு ஏழு நாள், போய் நிண்டவள்." அவர் குரல் இறங்கியது. "அந்தக் கிழமைதான் ஆகக் கீழை போனது."

"போகேக்கை கூட ஊத்திப்போட்டுப் போயிருப்பாள்" என்றார் செபமாலை, விறாந்தையில் நின்றபடி.

தவக்கால முகம் அப்படியே இருந்தது. ஆனால் அவர் பதில் சொன்ன வேகம் றொட்னிக்குப் பிடிக்கவில்லை.

"மோட்டர் எங்கை இருக்குது?" என்றார் வசந்தமலர். "ஹோலிலை சத்தமே கேட்கேல்லையே."

றோசம்மாதான் சொன்னார். "என்னாலைதான் தங்கச்சி. சண்டை முடியேக்கை நான் வன்னியிலை மாட்டுப்பட்டுக் கிடந்தனான். மேலை வண்டு சுத்தும், பைலட் இல்லாத அந்தச் சின்ன விமானம். அது இரைஞ்சால் பிறகு செல் வந்து விழுந்து வெடிக்கும். இந்த மோட்டரும் அதே இரைச்சல். போட்டவுடனை நான் கட்டிலுக்குக் கீழை போயிடுவன். அதாலை இவர் மோட்டரை எல்லாம் பங்கருக்குள்ளை இறக்கி, கதவையும் சாத்தி, குழாயை மட்டும் சுவராலை எடுத்தவர். கொங்கிரீட் தடிப்பு. ஒரு சத்தமும் வராது."

வேறு எந்த ஊரிலும் ஒரு மீன்தொட்டி மோட்டரைப் பங்கருக்குள் பூட்டி வைக்கமாட்டார்கள். றொட்னிக்கு முதல்தடவையாக அந்த வீட்டில் சிரிப்பு வரவில்லை.

"பங்கருக்குள்ளை ஆர் இறங்கிறது?"

"என்ரை கால் படியிலை இறங்காது" என்றார் லெம்பேட். "மச்சான்தான் மோட்டரைப் பாக்கிறவர். தானாக் கேட்டு எடுத்த பொறுப்பு. போன கிழமை மோட்டரை மேலை ஏத்திக் கழட்டிப் பாப்பம் எண்டு நான் சொன்னனான். அடுத்த நாள்தான் மச்சான் அந்தப் போத்திலை..." சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"பங்கர்க் கதவுத் திறப்பைத் தாங்கோ" என்றார் வசந்தமலர்.

"திறப்பு என்ரை வீட்டிலை" என்றார் செபமாலை. "உள்ளை பாம்பு இருக்குது. இண்டைக்குச் சிலுவைப்பாதை. நாளைக்குப் பாப்பம்."

"எங்களிட்டை அலவாங்கு இருக்குது. றொட்னிக்குப் பாம்பு பயமில்லை. மீனுக்குத்தான் பயம்."

இரும்பு அலவாங்கு இரண்டாவது முறை குத்தியதில் பூட்டுத் தெறித்தது. இரும்புக் கதவைத் திறந்ததும் அந்த மணம் ஒரு ஆளைப் போல வெளியே வந்து நெஞ்சில் இடித்தது. அப்பம் இல்லை. அப்பச்சட்டிக்குள் ஒரு ஊர் செத்துக் கிடக்கிற மணம். றொட்னி ஒரு படி இறங்கினான். வசந்தமலர் அவன் சேட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"பொறு. றோசம்மா, உங்கடை மாதா பீடத்திலை எரியிற மெழுகுதிரியைத் தாங்கோ."

திரியைத் தடியில் கட்டிப் படிகளின் கீழே இறக்கினார். மூன்றாம் படியில் சுடர் சுருங்கியது. நான்காம் படியில், ஊதாமலே, அணைந்துபோனது.

"காத்து இல்லாத காத்து" என்றார் வசந்தமலர். "இதுக்குள்ளை இறங்கினால் நீயும் அணைஞ்சிருப்பாய். இதைத்தான் மோட்டர் உறிஞ்சி உறிஞ்சித் தொட்டிக்குள்ளை ஊதினது. ஒண்டுக்கு ரெண்டு மோட்டர். ஏதோ புளிக்கேக்கை வாற காபன் டயொக்சைட், அது கரைஞ்சுதான் தண்ணி புளிச்சது."

மேசைக் காற்றாடியைக் கொண்டுவந்து வாசலில் வைத்து, கடற்காற்றை நெடுநேரம் உள்ளே அடித்தார்கள். திரும்ப இறக்கிய திரி அணையாமல் எரிந்த பிறகுதான் றொட்னியை விட்டார். துவாயை மூக்கில் கட்டி, டோர்ச்சைப் பிடித்து இறங்கினான்.

நீலப் பரல்கள், பிளாஸ்டிக் பீப்பாய்கள். சுவரோடு சுவராக, கழுத்துவரை நிரம்பி. ஒன்றின் மூடியைத் தூக்கினான். மஞ்சள் நுரை கொழுக் கொழுக் என்று கொதித்தது, நெருப்பில்லாமல். நுரைக்கு மேலே ஒரு எலி, ஊதிப் பெருத்து, நான்கு காலையும் விரித்து மிதந்தது. பக்கத்தில் அதற்குத் துணையாக இரண்டு பல்லி. பரல்களுக்கு நடுவில் மோட்டர் இரண்டும் குந்தியிருந்து ஒரே சுருதியில் இரைந்தன.

மேலே ஏறி வந்தவன் முதலில் குரோட்டன் செடிக்கு இடியப்பத்தைக் கொடுத்தான். பிறகுதான் பேசினான்.

"கோடா, அக்கா. கசிப்புக் கள்ளச்சாராயம் காய்ச்சிறதுக்கு முதல் சீனியும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்க வைப்பாங்களே, அந்தக் கோடா. பரல் பரலா. எலி நல்லா ஊறியிருக்குது. இதையும் ஆக்கள் குடிச்சுப்போட்டுப் பாட்டுப் பாடுவினம்."

எல்லோரும் செபமாலையைப் பார்த்தார்கள். இந்த இடத்திலிருந்து அந்த ஆளுக்கு மரியாதை கொடுத்து எழுத மனம் வரவில்லை.

அவன் தடுமாறவில்லை. அழவுமில்லை. அதுதான் றொட்னிக்கு எலியைவிட அருவருப்பாக இருந்தது. செபமாலை கழுத்துச் செபமாலையைத் தொட்டுக்கொண்டு, ஒரு நியாயத்தை எடுத்து வைப்பவன்போலச் சொன்னான்: "குடிக்கிறேல்லை எண்டுதான் மாதாவிட்டை நேர்ந்தனான். ஒரு சொட்டு நாக்கிலை வச்சிருப்பனோ? கேட்டுப் பாருங்கோ. தவக்காலம் முழுக்க ஊர் குடியாமல் கிடக்குது. உயிர்த்த ஞாயிறுக்கு ஆராவது குடுக்கத்தானே வேணும்."

"நீங்கள் திருத்தி வச்ச ஆக்களுக்கே?" என்றான் றொட்னி.

"ஐயா" என்று வசந்தமலர் லெம்பேட் பக்கம் திரும்பினார். "காலமை எனக்கு உறுத்தினது ஒண்டுதான். குற்றவாளியைப் பிடிச்சுக் குடுத்தவர் 'பொலிசு வேண்டாம்' எண்டவர். பிடிபட்டவள் 'பொலிசைக் கூப்பிடு' எண்டவள். இது தலைகீழா இருக்குதே எண்டு யோசிச்சனான். பொலிசு வந்தால் வளவு முழுக்கப் பாக்கும். பங்கரையும் பாக்கும். அதாலைதான் இந்த மன்னிப்பு, இந்த இரக்கம் எல்லாம்."

லெம்பேட் பங்கர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றி நரம்பு துடித்தது. இப்போது அறையப் போகிறார் என்று றொட்னி எதிர்பார்த்தான். அறை விழுந்தால் கைதட்டுவதற்கும் தயாராக நின்றான்.

லெம்பேட் பெருமூச்சு விட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி. நடந்தது நடந்திட்டுது. பரலைக் கடலிலை கவிட்டுவிடுவம். குடும்ப மானம் இருக்குது. கோயில் பேர் இருக்குது. இது வெளியிலை போகவேண்டாம்."

"பரீனா?" என்றார் வசந்தமலர்.

"அவள்... அவள் இஞ்சையே வேலை செய்யட்டும். நான் ஒண்டும் நினைக்கமாட்டன். ஊரிலை ஆரும் கேட்டால் மோட்டர் பழுது எண்டு சொல்லுவம். போத்தில் கதையை இனி ஆரும் கதைக்கவேண்டாம்."

"போத்தில் கதையை நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டீங்கள். அதைத் திருப்பி எடுப்பீங்களோ?"

"அதெல்லாம் தானா ஆறிப்போகும்."

றொட்னி துவாயைத் தரையில் எறிந்தான். கோடாவின் நாற்றம் அதில் ஒட்டியிருந்தது. ஆனால் இப்போது மூக்கை அரித்தது அது இல்லை. மன்னிக்கும் ஒருவன், மறைக்கும் ஒருவன். இரண்டுபேரும் ஒரே பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடுகிறவர்கள். வெளியே போய்க் கழுதையோடு நிற்கலாம் என்று தோன்றியது.

அப்போது றோசம்மா அசைந்தார். படிகளை நோக்கி நடந்து, அந்த இரைச்சல் மேலே வருகிற வாசலில், காதைப் பொத்தாமல் நின்றார். இரும்புக் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் நகரவில்லை.

"தம்பி" என்றார் றொட்னியிடம். "அந்த மோட்டர் ரெண்டையும் மேலை கொண்டு வாரும். விறாந்தையிலை வையும். மிச்சம் இருக்கிற மீனாவது மூச்சு விடட்டும். நான் கேட்டுக்கொண்டு இருந்து பழகிறன்."

பிறகு ஹோலுக்குள் போய்த் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, புருசனைப் பார்க்கவில்லை. நேரே பரீனாவிடம் நீட்டினார்.

"உனக்கு வேணுமெண்டால் எடு, பிள்ளை."

"ஸ்டேசனிலை இண்டைக்கு முழுக்கச் சிங்கள ஆக்கள்தான் டியூட்டி" என்றார் லெம்பேட் அவசரமாக. "இவள் என்னத்தைக் கதைக்கப் போறாள்?"

பரீனா இலக்கத்தை அழுத்தினாள். மறுபக்கம் ஒரு குரல் எழும்பியது. அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, புத்தளத்துக் கொட்டிலில் வளர்ந்தவள் பேசுகிற தண்ணீர் பட்ட பாடான சிங்களத்தில், ஆறுதலாக, ஒரு சொல்லும் தடுக்காமல், தன் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். பங்கரைச் சொன்னாள். போத்திலைச் சொன்னாள். செபமாலை மெதுவாகப் படலைப் பக்கம் நகர்ந்தான். அங்கே வசந்தமலர் ஏற்கெனவே நின்றார்.

மறுபக்கக் குரல் ஏதோ கேட்டது. பரீனா செபமாலையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி, லெம்பேட்டைப் பார்த்தாள், நின்று, நிதானமாக. அதன்பிறகு ஒரு சொல் சொன்னாள்.

லெம்பேட்டுக்கு ஜேர்மன் தெரியும், சிங்களம் தெரியாது. "என்ன கேட்கிறாங்கள்? என்ன சொல்றாள்?" என்று றொட்னியின் கையைப் பிடித்தார்.

ஓட்டோ ஓட்டிச் சிங்களம் பழகியிருந்த றொட்னி கையை விடுவித்துக்கொண்டான்.

"முறைப்பாடு எத்தினை பேருக்கு எதிரா எண்டு கேட்கிறாங்கள், ஐயா. ரெண்டு பேர் எண்டு சொல்றா."